டிரினிடாட் – டொபாகோ பயணம்: தேதி குறிப்பதிலிருந்து ஊர் திரும்புவது வரை

கரீபியன் தீவு வரிசையின் தென்கோடியில், வெனிசுவேலாவின் கரையிலிருந்து மிகக் குறுகலான இடத்தில் சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் டிரினிடாடும், அதற்கு வடகிழக்கே இருக்கும் சிறிய டொபாகோவும் சேர்ந்து ஒரே குடியரசாக இயங்குகின்றன. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்காக 90 நாள் வரை விசா இல்லாமல் இங்கே தங்கலாம் என்பதால், 'விசா வேண்டாத நாடுகள்' பட்டியல் எதிலும் இதன் பெயர் தவறுவதில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் நம்பி டிக்கெட் எடுப்பது ஆபத்தானது. தீவுக்குள் நுழைவது எளிது. அங்கே போய்ச் சேரும் வழியிலும், அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போதும்தான் சிக்கல்கள் காத்திருக்கின்றன. ஆகவே இந்தப் பயணத்தில் எதை முதலில் முடிவு செய்கிறோம், எதை அடுத்து முடிவு செய்கிறோம் என்ற வரிசைதான் செலவையும் மன அமைதியையும் தீர்மானிக்கிறது. கீழே உள்ளவை அந்த வரிசையிலேயே எழுதப்பட்டுள்ளன.

முதல் முடிவு: எந்த மாதம்

டிரினிடாடில் உள்ள தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஏறத்தாழப் பொள்ளாச்சியின் அட்சரேகையில் இருக்கிறது. ஆகவே வெயிலும் புழுக்கமும் நமக்குப் புதியவை அல்ல. ஆண்டு முழுவதும் மாலை ஆறு, ஆறரை மணிக்குள் இருட்டிவிடும் என்பதும் பழகியதே. ஜனவரி முதல் மே வரை வறண்ட காலம், ஜூன் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். மழைக்காலத்திலும் பல நாட்களில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்ந்துவிடும். எனினும் காரோனி சமவெளியில் வெள்ளம் தேங்கிச் சாலைகள் அடைபடும் நாட்களும் உண்டு. புயல்கள் பெரும்பாலும் இந்தத் தீவுகளுக்கு வடக்கேதான் கடந்து செல்கின்றன. ஆனால் 1963இல் ஃப்ளோரா புயல் டொபாகோவைச் சிதைத்தது என்பதை நினைவில் கொண்டு, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பயணம் செய்பவர்கள் ரத்து செலவை ஈடுகட்டும் காப்பீடு எடுப்பது நல்லது.

வானிலையைவிட முக்கியமானது, எதைப் பார்க்கப் போகிறோம் என்பது. இங்கே இரண்டு பெரிய பருவங்கள் உண்டு. இரண்டும் ஒரே பயணத்தில் அமைவது அரிது.

ஒன்று கார்னிவல். கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் தெருக் கொண்டாட்டம் நடக்கும். 2027இல் அது பிப்ரவரி 8, 9 ஆகிய நாட்களில் வருகிறது. அந்த இரண்டு நாட்களும் சட்டப்படி பொது விடுமுறை இல்லை என்றாலும், வங்கி, அலுவலகம், கடை எதுவும் இயங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தங்குமிடங்கள் வழக்கமான வாடகையைப் போல இரண்டு மூன்று மடங்கு கேட்பதோடு, குறைந்தது நான்கைந்து இரவுகளுக்கு மொத்தமாக எடுத்தால்தான் அறை என்றும் சொல்லும். முந்தைய ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அறையை உறுதிப்படுத்துவது அவசியம்.

மற்றொன்று ஆமைகள். உலகின் மிகப் பெரிய ஆமை இனமான லெதர்பேக் ஆமைகள் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை டிரினிடாடின் வடகிழக்குக் கரைகளில், குறிப்பாக மட்டூரா, கிராண்ட் ரிவியேர் ஆகிய இடங்களில் முட்டையிட ஏறி வருகின்றன. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை உச்சம். கூட்டமும் இரைச்சலும் விரும்பாதவர்களுக்கு, என் கருத்தில், ஏப்ரல் கடைசியோ மே மாதமோ மிகச் சிறந்த காலம்: மழை இன்னும் தொடங்கியிராது, பூயி மரங்கள் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்து முடியும் தருணம், அறை வாடகை நியாயமாக இருக்கும், ஆமைகளும் வரும். மே 30 வரை தங்க முடிந்தால் இந்தியர் வருகை நாளையும் பார்க்கலாம். 1845ஆம் ஆண்டு அதே தேதியில் ஃபாத்தல் ரசாக் என்ற கப்பல் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கியதை நினைவுகூரும் பொது விடுமுறை அது.

இரண்டாவது முடிவு: எந்த வழி

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. குறைந்தது ஓர் இடத்திலும், சென்னையிலிருந்து கிளம்பினால் பெரும்பாலும் இரண்டு இடங்களிலும் விமானம் மாற வேண்டியிருக்கும். 'விசா வேண்டாத நாடு' என்ற சொல்லின் மதிப்பு இங்கேதான் குறைகிறது.

அமெரிக்கா வழியாக, அதாவது மயாமி, நியூயார்க், ஹூஸ்டன் போன்ற நகரங்களில் மாறிச் செல்வது மிக எளிதான இணைப்பு. ஆனால் விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்கா இடைவழி (டிரான்சிட்) விசா கேட்கும், ஏனெனில் அங்கே குடிநுழைவைக் கடக்காமல் விமானம் மாறும் ஏற்பாடே இல்லை. ஏற்கெனவே அமெரிக்கச் சுற்றுலா விசா வைத்திருப்பவர்கள் வேறு வழியை யோசிக்கவே தேவையில்லை. டொராண்டோ வழியாகச் செல்பவர்களுக்கும் கனடாவின் இடைவழி விசாவோ வருகையாளர் விசாவோ வேண்டும்.

லண்டன் வழியில் இரண்டு வேறுபட்ட நிலைகள் உள்ளன. ஒரே விமான நிலையத்துக்குள் மாறுவதற்கு இந்தியர்களுக்கு விமான நிலைய இடைவழி விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விசா ஏதேனும் இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் லண்டனின் ஹீத்ரோ நிலையத்தில் இறங்கி, அதே நகரின் இன்னொரு நிலையமான காட்விக்கில் ஏறும்படி டிக்கெட் அமைந்தால் நீங்கள் பிரிட்டனுக்குள் நுழைந்தாக வேண்டும். அதற்கான விசா விதி வேறு. மலிவான டிக்கெட் ஒன்று கண்ணில் பட்டால், விலையைப் பார்க்கும் முன் இரண்டு விமானங்களும் ஒரே நிலையத்திலா என்று பாருங்கள். ஐரோப்பாவின் மற்ற நகரங்கள் வழியாகச் செல்லும்போது ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் ஒரே விதி என்று எண்ணிவிடக் கூடாது. விமான நிலைய இடைவழி விசாவைப் பொறுத்தவரை ஒவ்வொரு நாடும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கிறது, பட்டியல்கள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. ஆகவே அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தைப் பயணத்துக்கு முன் பார்ப்பதே முறை.

இஸ்தான்புல் வழியாகப் பனாமா சென்று, அங்கிருந்து கோபா நிறுவன விமானத்தில் போர்ட் ஆஃப் ஸ்பெயின் சேர்வது நீண்ட சுற்று. அமெரிக்க விசா இல்லாதவர்களுக்கு அது கைகொடுக்கக்கூடும். ஆனால் பனாமாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் (அது பற்றிக் கீழே) உள்ள நாடு என்பதால் தடுப்பூசிச் சான்று நுழைவின்போதே கேட்கப்படலாம். இன்னொரு யோசனையும் உண்டு. பார்படோஸும் இந்தியர்களுக்கு 90 நாள் வரை விசா கேட்பதில்லை; லண்டனிலிருந்து அதன் தலைநகர் பிரிட்ஜ்டவுனுக்கு விமானங்கள் அதிகம். அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டுக் கரீபியன் ஏர்லைன்ஸில் ஒரு மணி நேரத்தில் டிரினிடாட் வந்துவிடலாம். தனித்தனி டிக்கெட்டாக எடுப்பவர்கள், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது என்பதை மறந்துவிடாமல், இடையில் ஓர் இரவாவது விடுவது நல்லது.

எந்த வழியில் வந்தாலும், ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, திரும்பும் டிக்கெட், தங்குமிட முகவரி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிரினிடாட் குடிநுழைவு அதிகாரிகள் தங்குமிட முகவரியைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். எத்தனை நாள் அனுமதி என்பது அவர்கள் இடும் முத்திரையைப் பொறுத்தது. மேலே சொன்ன விசா விலக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்கானது. இலங்கை உள்ளிட்ட பிற நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் டிரினிடாட் தூதரகத்திடம் கேட்டறிந்த பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும்.

மூன்றாவது: தடுப்பூசி, அதுவும் பத்து நாள் முன்னதாக

பயண வழிகாட்டிகள் பலவும் விட்டுவிடும் செய்தி இது. இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் டிரினிடாட் தீவு இடம்பெற்றுள்ளது. பட்டியலில் உள்ள இடத்திலிருந்து கிளம்பிய ஆறு நாட்களுக்குள் இந்தியா வந்திறங்கும் எவரும், செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்று காட்டத் தவறினால், இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தப்படலாம். போகும்போது யாரும் எதுவும் கேட்காமல் விட்டு, ஊர் திரும்பி வரும்போது சென்னையிலோ மும்பையிலோ நிறுத்தப்படுவது இதனால்தான்.

ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். அதன்பின் அது ஆயுள் முழுவதற்கும் போதும், மறு ஊசி தேவையில்லை. சென்னையில் கிண்டி கிங் ஆய்வு நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது. குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவின் பேரில் மட்டுமே நடப்பதாலும், ஒரு குப்பியைத் திறந்தால் பலருக்குப் போட்டாக வேண்டியிருப்பதாலும், கடைசி வாரத்தில் இடம் கிடைக்கும் என்று நம்ப முடியாது. கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். மூல கடவுச்சீட்டை எடுத்துச் செல்ல வேண்டும். சான்றில் கடவுச்சீட்டு எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள்.

முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது கடந்தவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கலந்தாலோசிக்காமல் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. மருத்துவ விலக்குக் கடிதம் கையில் இருந்தாலும் திரும்பும்போது தனிமைப்படுத்தல் தவிர்க்கப்படும் என்ற உறுதி இல்லை. பெற்றோரை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

டெங்குவும் இந்தத் தீவுகளில் உண்டு. கொசு விரட்டி மருந்தும் முழுக்கைச் சட்டையும் பையில் இருக்கட்டும்.

பணமும் சில்லறை ஏற்பாடுகளும்

நாணயம் டிரினிடாட் – டொபாகோ டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 6.75 கிடைக்கும். இந்திய ரூபாயை அங்கே மாற்ற இயலாது, அமெரிக்க டாலராகவே கொண்டு செல்லுங்கள். நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு பல ஆண்டுகளாக நீடிப்பதால், உங்கள் டாலரை வாங்க எவரும் தயங்குவதில்லை. மீந்த உள்ளூர்ப் பணத்தைத் திரும்ப டாலராக மாற்றுவதுதான் கடினம். ஆகவே இரண்டு மூன்று நாள் செலவுக்கு மட்டும் அவ்வப்போது மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். இப்போது செல்லுபடியாகும் நோட்டுகள் எல்லாம் பாலிமர் தாள்களே. யாராவது பழைய காகித நோட்டை நீட்டினால் வாங்க வேண்டாம். விடுதிகளிலும் பெரிய கடைகளிலும் அட்டை செல்லும்; தெருவோர உணவுக்கும் வாடகை வாகனத்துக்கும் சில்லறை நோட்டு வேண்டும். விடுதிக் கட்டணத்தோடு 10 விழுக்காடு அறை வரியும், பல இடங்களில் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேரும் என்பதால், இணையத்தில் காணும் விலை இறுதி விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் 115 வோல்ட், தட்டையான இரண்டு முள் கொண்ட அமெரிக்க வகைச் செருகி. கைபேசி, மடிக்கணினி மின்னேற்றிகளுக்கு மாற்றுச் செருகி போதும். இந்தியாவில் வாங்கிய முடி உலர்த்தி போன்றவை அங்கே சரியாக இயங்காது. பிமொபைல், டிஜிசெல் ஆகிய இரண்டு நிறுவனங்களின் சிம் அட்டைகள் கிடைக்கும். நேரம் இந்தியாவைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியது.

வந்திறங்கிய பிறகு

பியார்கோ விமான நிலையம் தலைநகருக்குக் கிழக்கே இருக்கிறது. போக்குவரத்து இல்லாத நேரத்தில் அரை மணி, மாலை நெரிசலில் ஒன்றரை மணி கூட ஆகலாம். இரவில் இறங்குபவர்கள் தங்குமிடத்தின் மூலமே வண்டியை ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. அது இயலாவிட்டால் நிலையத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட வாடகை வண்டியை மட்டும் எடுங்கள். கட்டணத்தை ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

வண்டிகளின் எண் பலகையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கவலை தீரும். 'ஹெச்' என்ற எழுத்தில் தொடங்குவது வாடகைக்கு உரிமம் பெற்ற வண்டி. 'பி' தனியார் வண்டி. 'ஆர்' ஓட்டுநரின்றி வாடகைக்கு விடப்படும் கார். தனியார் வண்டிகள் உரிமமின்றிப் பயணிகளை ஏற்றுவது அன்றாடம் நடக்கும் செயல், உள்ளூர் மக்களும் அதில் ஏறுகிறார்கள். வெளியூர்ப் பயணி அதைத் தவிர்ப்பதே சரி.

மேக்ஸி டாக்ஸி எனப்படும் சிற்றுந்துகளே மக்களின் போக்குவரத்து. வண்டியின் பக்கத்தில் ஓடும் வண்ணப் பட்டை எந்தப் பகுதிக்குச் செல்கிறது என்பதைச் சொல்லும்: மஞ்சள் தலைநகரைச் சுற்றி, சிவப்பு கிழக்கே அரிமா நோக்கி, பச்சை சகுவானஸ், சான் ஃபெர்னாண்டோ நோக்கி, டொபாகோவில் நீலம். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சிட்டி கேட் முனையத்திலிருந்து பெரும்பாலானவை கிளம்பும். ஏறும்போது உள்ளே இருப்பவர்களுக்குக் காலை வணக்கம் சொல்வது வழக்கம். கடைக்குள் நுழையும்போதும் அப்படியே. வாய் திறக்காமல் நேரே விலை கேட்பவரை நாகரிகமற்றவராகக் கருதுவார்கள். இரவில் ஒருவரைச் சந்திக்கும்போதே 'குட் நைட்' என்றுதான் தொடங்குவார்கள், விடை கொடுத்து அனுப்புகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

டிரினிடாடில் சொந்தமாகக் கார் ஓட்டுவது இடப்பக்க ஓட்டம் என்பதால் நமக்கு எளிதே. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிச் செல்லுங்கள். இருந்தாலும் தலைநகரில் நாட்களைக் கழிப்பவர்களுக்குக் கார் சுமைதான். பார்க்கிங் இடம் தேடியே நேரம் போகும். தங்குவதற்கு வுட்புரூக், செயின்ட் கிளேர், மரவால் பகுதிகள் ஏற்றவை. வுட்புரூக்கின் ஆரியபிதா அவென்யூவில் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன, மாலையில் ஆள் நடமாட்டமும் இருக்கும்.

டிரினிடாடில் என்ன பார்ப்பது

இந்தத் தீவைக் கடற்கரை விடுமுறைக்கு உரிய இடமாக நினைத்து வருபவர்கள் ஏமாந்து போவார்கள். எண்ணெயும் எரிவாயுவும் தாங்கி நிற்கும் பொருளாதாரம் இது. சுற்றுலாப் பயணியை மகிழ்விப்பதற்காக எதுவும் ஒப்பனை செய்யப்படவில்லை. அதனாலேயே பார்க்கத் தகுந்தது என்பேன்.

கார்னிவல் காலத்தில் வந்தால், திங்கள், செவ்வாய்க்கு முந்தைய வாரங்களே உண்மையான விருந்து. ஸ்டீல்பேன் என்னும் எஃகு இசைக்கருவி இந்தத் தீவில் எண்ணெய்ப் பீப்பாய்களிலிருந்து பிறந்தது. 1992இல் தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது. எஃகு இசைக்குழுக்களுக்கான பனோரமா போட்டிக்கு முன்பு ஒவ்வோர் இசைக்குழுவும் தன் 'பேன்யார்ட்' எனப்படும் திறந்தவெளி முற்றத்தில் இரவுதோறும் ஒத்திகை பார்க்கும். வுட்புரூக்கில் இன்வேடர்ஸ், ஃபேஸ் டூ போன்ற குழுக்களின் முற்றங்களுக்கு நடந்தே செல்லலாம். நூறு பேர் வாசிக்கும் பாட்டை, இரண்டு அடி தள்ளி நின்று, பெரும்பாலும் கட்டணமே இல்லாமல் கேட்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. விலை உயர்ந்த கொண்டாட்ட விருந்துகளுக்கு டிக்கெட் தேடுவதைவிட இந்த இரவுகளுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

திங்கள் விடியலுக்கு முன் தொடங்கும் ஜூவே ஊர்வலத்தில் சேறு, வண்ணம், எண்ணெய், சில குழுக்களில் சாக்லேட் கூட மேலே பூசப்படும். தூக்கி எறியத் தகுந்த உடையும், இறுகக் கட்டிய பழைய காலணியும் அணிந்து, ஒரு குழுவில் பதிவு செய்துகொண்டு செல்லுங்கள். தனியே வேடிக்கை பார்க்கப் போவது பாதுகாப்பானதல்ல. செவ்வாய்க்கிழமை ஆடை அணிந்து ஆட விரும்புபவர்கள் பல மாதம் முன்பே ஒரு குழுவில் பணம் கட்ட வேண்டும். சில நூறு அமெரிக்க டாலரிலிருந்து தொடங்கும் அந்தக் கட்டணத்தில் உணவு, பானம், காவல் எல்லாம் அடங்கும். பார்வையாளராக மட்டும் இருக்க விரும்பினால் தெருவோரத்தில் நிற்பது இலவசம்.

கார்னிவல் இல்லாத காலத்தில், காரோனி பறவைகள் சரணாலயம் தவறவிடக் கூடாதது. பிற்பகல் நான்கு மணியளவில் படகுகள் கிளம்பி அலையாத்திக் காட்டின் கால்வாய்கள் வழியே ஏரி ஒன்றை அடையும். சூரியன் சாயும்போது தேசியப் பறவையான செந்நிற அரிவாள் மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து மரங்களில் அடையும். படகுகள் தூரத்திலேயே நிறுத்தப்படும் என்பதால் தொலைநோக்கி இல்லாமல் போனால் சிவப்புப் புள்ளிகள் மட்டுமே தெரியும். போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து அரை மணி நேரப் பயணம். மாலை நெரிசலைக் கணக்கில் கொண்டு மூன்று மணிக்கே போய்விடுங்கள்.

ஆமை பார்ப்பதற்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். மட்டூராவும் கிராண்ட் ரிவியேரும் பருவ காலத்தில் தடைசெய்யப்பட்ட பகுதிகள். உள்ளூர் வழிகாட்டிக் குழுக்களே அனுமதியும் பெற்றுத் தருவார்கள். கிராண்ட் ரிவியேர் தலைநகரிலிருந்து வளைந்த மலைச்சாலையில் இரண்டரை, மூன்று மணி நேரம் என்பதால் அங்கேயே இரவு தங்குவதுதான் சரி. ஒளிப்படக் கருவியின் மின்னொளி, கைவிளக்கு எதுவும் கூடாது. ஆமை முட்டையிடத் தொடங்கிய பிறகே வழிகாட்டி அருகில் அழைப்பார், அதுவரை இருட்டில் பொறுமையாக இருக்க வேண்டும்.

தெற்கே லா ப்ரேயாவில் உள்ள தார் ஏரி உலகின் மிகப் பெரிய இயற்கைத் தார்ப் படிவம். சுமார் 100 ஏக்கர் பரப்பு. முதல் பார்வைக்குக் கைவிடப்பட்ட வாகன நிறுத்துமிடம் போலத்தான் இருக்கும். வழிகாட்டியோடு அதன் மேல் நடந்து, மென்மையான இடத்தில் குச்சியைச் செருகி இழுக்கும்போதுதான் அது இன்னும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும் உயிர்ப்புள்ள பரப்பு என்பது புரியும். வழிகாட்டி இல்லாமல் இறங்குவது ஆபத்து. காலை வெயில் ஏறும் முன் செல்லுங்கள்.

அதே சாலையில், நடுமேற்குக் கரையில், வாட்டர்லூவில் கடலுக்குள் ஒரு கோயில் இருக்கிறது. சேவ்தாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி 1940களில் கரையில் கோயில் கட்டினார். அந்த நிலம் சர்க்கரை நிறுவனத்துக்கு உரியது என்பதால் அது இடிக்கப்பட்டு, அவர் சிறைக்கும் அனுப்பப்பட்டார். நிலத்தில்தானே தடை என்று, சைக்கிளில் கல்லும் மண்ணும் சுமந்து பல ஆண்டுகள் உழைத்துக் கடலுக்குள்ளேயே மீண்டும் கட்டினார். இப்போதிருக்கும் கட்டடம் 1990களில் புதுப்பிக்கப்பட்டது. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறியிருக்கும் நேரத்தில் போனால்தான் நீர் சூழ்ந்த தோற்றம் கிடைக்கும். ஓதம் இறங்கினால் சேறு மட்டுமே. அருகிலேயே தகன மேடை உண்டு, சடங்கு நடந்துகொண்டிருந்தால் ஒளிப்படம் எடுக்காதீர்கள். சில நிமிடத் தொலைவில் காராபிசைமாவில் 85 அடி உயர அனுமன் சிலையும், தென்னிந்தியத் திராவிட பாணியில் அமைந்த தத்தாத்ரேயர் கோயிலும் உள்ளன. 1845 முதல் 1917 வரை வந்திறங்கிய ஏறத்தாழ 1,44,000 இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் சிறுபான்மையினரே. ஆகவே தமிழ் பேசுபவரைச் சந்திப்போம் என்ற எதிர்பார்ப்போடு வர வேண்டாம்.

மரக்காஸ் கடற்கரைக்குப் போகும் வடகரைச் சாலையே பாதி இன்பம். அங்கே உள்ளிழுக்கும் நீரோட்டம் வலுவானது. சிவப்புக் கொடி பறந்தால் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள், உயிர்காப்போர் பணி முடிந்த பிறகு நீந்தவே வேண்டாம்.

உணவு

காலை உணவு டபிள்ஸ்: மஞ்சள் கலந்த 'பாரா' எனப்படும் பொரித்த, மென்மையான இரண்டு ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறியும் புளி, வெள்ளரிச் சட்னிகளும் வைத்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். சைவம், விலையும் மிகக் குறைவு. எவ்வளவு காரம் என்று கேட்பார்கள். 'ஸ்லைட்' (கொஞ்சம்) என்று தொடங்குங்கள். உலகின் மிகக் காரமான மிளகாய் வகைகளுள் ஒன்றான மொருகா ஸ்கார்ப்பியன் இந்தத் தீவைச் சேர்ந்தது, ஆந்திரக் காரம் பழகிய நாக்கும் அதற்கு ஈடுகொடுக்காது. பருப்பு திணித்த தால்பூரி, கிழிந்த துணி போல உதிர்த்துத் தரும் 'பஸ் அப் ஷட்' பரோட்டா, பருப்பு மாவுப் போண்டா போன்ற ஃபுலோரி, உருளைக்கிழங்கு பொதிந்த ஆலு பை ஆகியவற்றோடு சைவ உணவினர் பட்டினி இல்லாமல் வாரக்கணக்கில் இருக்கலாம். காலாலூ எனப்படும் கீரைக் கூட்டில் நண்டு சேர்க்கும் வழக்கம் இருப்பதால், அதை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

டொபாகோவுக்குக் கடப்பது

கரீபியன் ஏர்லைன்ஸ் விமானம் 25 நிமிடத்தில் கொண்டு சேர்க்கும். நாள் முழுவதும் பல முறை இயங்கும். கார்னிவலுக்கு அடுத்த நாட்களிலும் ஈஸ்டர் வாரத்திலும் தீவே டொபாகோ நோக்கிக் கிளம்பும் என்பதால் அப்போது மட்டும் வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். கப்பல் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து ஸ்கார்பரோவுக்கு மூன்றரை, நான்கு மணி நேரம் எடுக்கும். கட்டணம் குறைவு, ஆனால் போக்கா நீரிணையைக் கடந்து திறந்த கடலுக்குள் நுழைந்ததும் ஆட்டம் கடுமையாக இருக்கும். வாந்தி வரும் உடம்பென்றால் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இல்லையெனில் விமானமே மேல். இரண்டிலும் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். டொபாகோவிலிருந்து திரும்பும் நாளையும் பன்னாட்டு விமானம் ஏறும் நாளையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

டொபாகோவுக்கு மூன்று இரவாவது ஒதுக்குங்கள். விமான நிலையத்தை ஒட்டிய கிரவுன் பாயிண்ட் பகுதி வசதியானது: ஸ்டோர் பே கரையில் நண்டுக் கறியும் மாவு உருண்டையும் விற்கும் சிறு கடைகள், பிஜன் பாயிண்ட் கரை, பவளத்திட்டு பார்க்கச் செல்லும் கண்ணாடி அடிப்படகுகள் எல்லாம் நடைதூரத்தில். புக்கூ பவளத்திட்டில் படகோட்டி ரப்பர் செருப்பு தந்து பவளத்தின் மேல் நடக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். மிதித்தே பெரும்பகுதி நொறுங்கிப் போன திட்டு அது. ஆனால் அமைதி வேண்டுபவர்கள் காஸ்டாராவிலோ, தீவின் வடகிழக்கு முனையில் சார்லட்வில்லிலோ தங்கட்டும். இங்கே கார் எடுப்பது பயனுள்ளது. சாலை குறுகலும் வளைவுமாக இருப்பதால் கிரவுன் பாயிண்டிலிருந்து சார்லட்வில் வரை இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், இருட்டிய பின் ஓட்ட வேண்டாம்.

இடையில் மெயின் ரிட்ஜ் காடு வருகிறது. மழையைக் காக்க வேண்டும் என்ற காரணத்துக்காகவே 1776ஆம் ஆண்டில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட காடு இது; மேற்கு அரைக்கோளத்திலேயே அந்த வகையில் பழமையானது. கில்பின் பாதையில் வழிகாட்டியோடு காலையில் இரண்டு மணி நேரம் நடந்தால் மொட்மொட் பறவைகளையும் தேன்சிட்டு போன்ற சிறு முரல்சிட்டுகளையும் பார்க்கலாம். சேறு அதிகம் என்பதால் ரப்பர் காலணி வாடகைக்குக் கிடைக்கும்.

கடற்கரையில் ஒரு மரத்தை அறிந்துகொள்வது அவசியம். மேன்ச்சினீல் என்ற அந்த மரத்தின் சிறு பச்சைப் பழம் ஆப்பிள் போல மணக்கும். பழமும் பாலும் நஞ்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால்கூடச் சொட்டும் நீர் தோலைப் புண்ணாக்கிவிடும். சில இடங்களில் எச்சரிக்கைப் பலகையோ சிவப்புப் பட்டையோ இருக்கும், எல்லா இடத்திலும் இருக்காது.

பாதுகாப்பும் சட்டமும்

டிரினிடாடின் குற்ற நிலையை மென்மையாகச் சொல்வதில் பயனில்லை. கும்பல் வன்முறை காரணமாக 2024 டிசம்பர் 30 அன்றும், மீண்டும் 2025 ஜூலையிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. வன்முறையின் பெரும்பகுதி தலைநகரின் கிழக்கே லாவென்டில், பீத்தம், சீ லாட்ஸ் போன்ற பகுதிகளுக்குள் நடப்பது. பயணிக்கு அங்கே வேலை இல்லை. நகர மையத்திலும் குயின்ஸ் பார்க் சவானா என்ற பெரிய திறந்தவெளிப் பூங்காவிலும் இருட்டிய பிறகு நடக்காதீர்கள், நகை அணியாதீர்கள், ஏடிஎம்மைப் பகலில் வணிக வளாகத்துக்குள் பயன்படுத்துங்கள். கிளம்பும் வாரத்தில் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்; வெனிசுவேலாவை ஒட்டிய கடற்பகுதியின் பதற்றமும் விமான அட்டவணையைப் பாதிக்கக்கூடியது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இந்தியத் தூதரகம் உண்டு. அதன் எண்ணைக் கைபேசியில் பதிவதோடு தாளிலும் எழுதி வையுங்கள். காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 811, தீயணைப்புக்கு 990.

ராணுவ உருமறைப்புத் துணியில் தைத்த உடை, தொப்பி, பை எதுவும் பொதுமக்கள் அணிவது சட்டப்படி குற்றம். குழந்தையின் கால்சட்டைக்கும் இது பொருந்தும். பெட்டியில் வைக்காமலேயே விட்டுவிடுங்கள்.

கிளம்பும் நாள்

பியார்கோவுக்கு மூன்று மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். அதற்குள் கையிலுள்ள உள்ளூர்ப் பணத்தைச் செலவழித்துவிடுங்கள். வாங்கத் தகுந்தவை மிளகாய்ச் சாறு, உலகுக்கு டிரினிட்டாரியோ வகையைக் கொடுத்த இந்தத் தீவின் கொக்கோவில் செய்த சாக்லேட், பானங்களில் சில துளிகள் சேர்க்கும் கசப்புச் சாறாக இங்கேயே தயாராகும் அங்கஸ்டூரா பிட்டர்ஸ், ரம். சாறும் சட்னியும் திரவமாகவே கருதப்படும், ஆகவே சரக்குப் பெட்டியில் வையுங்கள். அமெரிக்கா வழியாகத் திரும்புபவர்கள் அங்கே பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால், தீர்வையில்லாக் கடையில் வாங்கிய குப்பிகளை அந்த இடைவெளியில் பெட்டிக்குள் மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சோதனையில் பறிபோகலாம். இந்தியாவுக்குள் ஒருவர் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு இரண்டு லிட்டர். மஞ்சள் நிறத் தடுப்பூசி அட்டையை மட்டும் பெட்டியில் போட்டுவிடாமல் கடவுச்சீட்டோடு சேர்த்துக் கையில் வைத்திருங்கள். இந்தியாவில் குடிநுழைவு வரிசைக்கு முன்பே சுகாதார அலுவலர் அதைக் கேட்பார்.